இன்னும் ஒரு வருஷம்

"கோச், என் பேரை வாபஸ் வாங்கிக்கிறேன்" என்று வந்து நின்றான் டெரல். என்.பி.ஏ. கூடைப்பந்து அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"ஏண்டா? நாலு டீம் உன்னைக் கேட்டாங்களே?"

"கேட்டாங்க. இப்ப போனையே எடுக்க மாட்டேங்கிறாங்க. ஒருத்தர் மட்டும் சொன்னார், என் இடது முழங்கால் தாங்காதாம். எனக்கு வலியே இல்ல கோச்!"

"விட்டுத் தள்ளு. இன்னும் ஒரு வருஷம் நம்ம காலேஜ் டீம்லயே ஆடு. அடுத்த மே மாசம் அவங்களே உன் வாசலுக்கு வருவாங்க."

மறுநாள் அவன் அம்மா வெர்னெட்டா, தான் ஓட்டும் பள்ளிப் பேருந்தை மைதான வாசலில் நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "எல்லாரும் கைவிட்டப்ப நீங்க ஒருத்தர்தான் சார் இவனை நம்புனீங்க."

நவம்பரில் முதல் ஆட்டம். பந்தோடு எம்பியவன் தரையிறங்கியபோது எழுந்த சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "இனிமே அவனால ஆட முடியாது." எந்தக் கால் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டெரல் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். "இடது முழங்கால் கோச். எனக்கே தெரியாதது அவங்களுக்கு எப்படி மே மாசமே தெரிஞ்சுது?"

ஒரு வீரனை எடுக்குமுன் அவனுடைய கோச்சிடம் விசாரிப்பது அந்த அணிகளின் வழக்கம். நான்கு பேரும் எனக்குப் போன் செய்தார்கள். அவனை இன்னும் ஒரு வருஷம் என்னோடு வைத்துக்கொள்ள, முழங்கால் தாங்காது என்று வாய்க்கு வந்த ஒரு காலைச் சொல்லிவைத்தேன்.