ஹார்மோன் சிரிப்பு

கதவைத் திறந்தால், மாமியார் சென்னியம்மாள் சிரித்துக்கொண்டு நின்றார்.

சண்முகப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. காதல் கல்யாணம் என்று மூன்று வருடமாகக் கோயமுத்தூர்ப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். தன்னைக் கேட்காமல் பேரனுக்கு யஷ்வந்த் என்று பெயர் வைத்ததற்குக் கொடுமுடியில் கொதித்துக்கொண்டிருக்கிறார் என்று நேற்றுத்தான் சேதி வந்தது.

"வாங்கத்தை" என்று உட்காரவைத்து, காப்பி பலகாரம் கொடுத்துவிட்டு, உள்ளே ஓடிக் கணவன் மதன்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஏனுங்க, உங்கம்மா வந்திருக்காங்க. சிரிச்ச முகமா இருக்காங்க!"

"எங்கம்மாவா? சிரிச்சா? டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா உனக்கு?"

மறக்கவில்லை. பால் கொடுக்கும் காலத்தில் சில தாய்மார்களுக்கு ஹார்மோன் அப்படிப் பண்ணுமாம். சிரித்த முகம் சட்டென்று தெரியும்; கோபமுகம் அவ்வளவாக உறைக்காது. முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுவேன் என்று ஆபீசில் பீற்றிக்கொண்டவள்தான் அவள். போன வாரம் உக்கடம் சிக்னலில் கண்டபடி திட்டிய ஆட்டோக்காரரிடம் "நல்லா இருங்கண்ணா" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிஸ்கட் விளம்பரத்துக்கு விக்கி விக்கி அழுதாள்.

"எதுக்கும் நீயா வாயைக் குடுத்து வாங்கிக் கட்டிக்காத. நான் வாரேன்" என்றான் அவன்.

கூடத்தை எட்டிப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே இருந்தது. முறுக்கைத் தொடாமல், பன்னைக் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார் மாமியார்.

ஹார்மோனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்! குழந்தையைத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தாள்.

"உங்க சிரிச்ச முகத்தப் பாத்ததும்தான் எனக்கு உசுரே வந்துச்சுங்கத்தை. பேரு இன்னும் பதியலைங்க. நீங்க சொல்ற பேரையே வச்சுக்கலாமுங்க" என்றாள். சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏதோ சொல்ல வாயெடுத்த சென்னியம்மாள், பேரன் அவர் விரலைப் பற்றிக்கொண்டதும் அப்படியே அடங்கிப்போனார். கண் கலங்கிவிட்டது.

சண்டையை விலக்க மூச்சிரைக்க ஓடிவந்த மதன்குமார், வாசலிலேயே நின்றுவிட்டான். அம்மா பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மா, நெசமாலுமே சிரிக்கறீங்களா?"

"சண்டை புடிக்கத்தான் கண்ணு வந்தேன். புதுசாப் பல்லு கட்டுனதுல வாயே மூட மாட்டீங்குது!"