காம்பவுண்டுச் சுவர் அம்மன்

"இது அம்மன் முகம் மாதிரியே இல்லையேண்ணா" என்றாள் நிவேதிதா.

பெயின்டர் லோகநாதன் ஏணியிலிருந்து இறங்கினான். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

அயனம்பாக்கம் ஏரிக்குப் போகிற வழியில் அந்த ஃபிளாட்டின் காம்பவுண்டுச் சுவர். போகிற வருகிற ஆம்பிளைகள் எல்லாம் அங்கேதான் ஒதுங்குவார்கள். 'சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிப் பார்த்தார்கள். எழுத்தின் மேலேயே நனைத்துவிட்டுப் போனார்கள். அதனால்தான் சாமி படம் போடச் சொன்னாள் சங்கச் செயலாளர் நிவேதிதா. அம்மன், மாதா, மசூதி.

மாதாவும் மசூதியும் ஒரே நாளில் முடிந்தன. அம்மன் முகத்துக்கு மட்டும் நாலு நாள் ஆனது.

"கிட்டக்க வந்து நல்லா பாருங்க மேடம்."

"பார்த்துட்டேன். கறுப்பா இருக்கு, கன்னம் ஒட்டிப்போயிருக்கு. புருவத்துக்கு மேல வெட்டுத் தழும்பு வேற. அம்மனுக்குத் தழும்பு இருக்குமா?"

"பார்த்தா உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"சாப்பிட்டு நாலு நாள் ஆன மாதிரி தோணுது" என்று சிரித்தான் அவள் கணவன் விக்ரம். போனை நீட்டினான். "ஏஐ கிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல போட்டுக் குடுக்குது பாருங்க." போனில் ரோஜா நிறத்தில் ஒரு அம்மன் பளபளத்தது.

"நாளைக்கு இதை அழிச்சிட்டு அந்த மாதிரி போடுங்க" என்றாள் நிவேதிதா. "நாலு பேர் கையெடுத்துக் கும்பிட்டாதான் அது படம். இதுக்கு எவன் பயப்படுவான்?"

"மாதாவ அழிக்கச் சொல்லுங்க, மசூதிய அழிக்கச் சொல்லுங்க, செய்றேன் மேடம். இத்த மட்டும் வுட்டுருங்க."

"உங்க இஷ்டத்துக்கு வரைய இது என்ன உங்க வீட்டுச் சுவரா?"

அவன் ஏணியை மடக்கினான்.

மறுநாள் ஆடி வெள்ளி. திருமுல்லைவாயிலிலிருந்து வெள்ளைப் பெயின்ட் டப்பாவை சைக்கிளில் மாட்டிக்கொண்டு வந்தான். சுவர் முன்னால் கும்பல். கம்பெனி வேனுக்கு நிற்கிற பொம்பளைகள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகத்தின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்திருந்தார்கள். ஓரத்தில் வேப்பிலை.

"ஆரு வெச்சது?" என்று கேட்டான்.

"ஆரு வெச்சா இன்னா அண்ணாத்தே? ஆத்தா வந்து குந்திக்கினா" என்றாள் பூக்காரி கனிமொழி. டப்பாவைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "அழிக்கவா வந்த? கண்ணப் பாரு, உசுரோட கீது. இதுமேல வெள்ள அடிச்சா கை வெளங்காது."

"நான்தாம்மா வரைஞ்சேன்."

"நீ வரைஞ்ச. வந்தது அவ."

நிவேதிதா கீழே இறங்கி வந்தாள். கும்பலைப் பார்த்தாள், குங்குமத்தைப் பார்த்தாள். திரும்பி மேலே போனவள் கற்பூரத் தட்டோடு வந்தாள்.

"கை வைக்காதீங்கண்ணா. அப்படியே இருக்கட்டும். நேத்து வெளிச்சம் சரியில்லை. முகத்துல என்ன ஒரு சாந்தம்."

விக்ரம் படம் எடுத்து குரூப்பில் போட்டான். "செம ரெஸ்பான்ஸ். ஆர்ட்டிஸ்ட் யாருன்னு கேக்குறாங்க. அந்தத் தழும்புதான் ஹைலைட்டாம்."

நிவேதிதா தட்டைச் சுற்றினாள். கண்ணை மூடி, நெற்றி சுவரில் படுகிற அளவுக்குக் குனிந்து கும்பிட்டாள். நிமிர்ந்து, ஒரு சாண் தூரத்தில் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

லோகநாதன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தக் கோயில் அம்மனைப் பார்த்து வரைஞ்சீங்க?"

"நீங்க பார்த்த முகம்தான் மேடம்."

"அப்படியா? ஞாபகம் வரலையே" என்றாள் அவள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போன தை மாதம் சாகிற வரைக்கும், நாலு வருஷம், தினம் காலையில் நிவேதிதாவின் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் லோகநாதனின் மனைவி வசந்தா. இவ்வளவு பெரிதாக வரைந்தாலாவது, யாராவது ஒருத்தர் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்றுதான் அந்த முகத்தைச் சுவரில் வைத்திருந்தான்.