மாற்று ஏரி

சரணாலயத்து ஏரியில் பாதியைச் சாலைக்காகத் தூர்த்ததற்கு ஈடாக, இந்தப் புது ஏரியை வெட்டியவர் பொறியாளர். பறவை வராவிட்டால் அவர் வேலைக்கே வேட்டு. பறவைக்கு அழைப்பிதழ் வைத்தா கூப்பிட முடியும்?

பார்வையிட வந்த வன அதிகாரி பைனாகுலரைத் திருகினார். "வாத்தெல்லாம் இருந்த இடத்தை விட்டு அசையவே மாட்டேங்குதே?"

"புது இடம் மேடம், கூச்சம்." பொறியாளருக்கு வியர்த்துக் கொட்டியது.

"புகுந்த வீட்டுக்கு வந்த மாதிரியா? அட, ஒண்ணு முங்குது! எழுந்து சிறகை உதறுது பாருங்க!"

பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்த பொறியாளர் குதித்தேவிட்டார். "வந்துடுச்சு மேடம்! நெசமாவே ஒண்ணு வந்துடுச்சு! மத்ததெல்லாம் நான் வாங்கி மிதக்கவிட்ட பிளாஸ்டிக்..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி உதட்டில் விரல் வைத்தார். "அதெல்லாம் நான் வந்ததுமே தெரிஞ்சுபோச்சு சார். கத்தாதீங்க, இது பறந்துடப் போகுது."