மேற்கால மட்டும் வேணாம்

“கிழக்கால அளங்க, வடக்கால அளங்க, தெற்கால அளங்க. மேற்கால மட்டும் வேணாம்” என்றார் கொளஞ்சியப்பன்.

கூட்டம் மொத்தமும் அவரைத் திரும்பிப் பார்த்தது. கோமுகி நகர் பூங்காவுக்கு மேற்கே இருப்பது இரண்டே வீடு. ஒன்று அவருடையது. அதை ஒட்டினாற்போல் இருப்பது சிவரஞ்சனியுடையது.

“ஏண்ணே வேணாம்?” என்று எழுந்தாள் சிவரஞ்சனி. பூங்காக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

“இருக்கிற சொவரையே எல்லைன்னு வெச்சிக்கினு வேலிய போட்டுடலாம்மா. எதுக்கு வம்பு?”

சிவரஞ்சனிக்குச் சுருக்கென்றது. கள்ளக்குறிச்சியில் இந்த ஒரு துண்டு இடத்துக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா? சீமைக்கருவேல முள்ளும் கோழிக்கழிவும் மண்டிக் கிடந்த இடம். தெருத் தெருவாகப் போய் ஆள் திரட்டி, முள்ளை வெட்டி, வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் புங்கன் கன்று கொண்டுவந்து நட்டு, ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முறை வைத்துத் தண்ணீர் ஊற்றி, இப்போதுதான் ஆள் உயரத்துக்கு வந்திருக்கின்றன.

நான்கு பக்கமும் அளந்து காட்டினால் வேலி போட்டுத் தருகிறோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். அளக்காவிட்டால் வேலி இல்லை. வேலி இல்லாவிட்டால், லாரி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருக்கிறவன் நாளைக்கே உள்ளே வந்துவிடுவான்.

“அளந்தே ஆவணும்ணே. அஜித்குமாரோட மாட்டுக் கொட்டாய பூங்கா எடம்னு பிரிச்சப்போ இன்னா சொன்னோம்? யாரா இருந்தாலும் ஒரு அடி வுட மாட்டோம்னு சொன்னோமா இல்லியா?”

“சொன்னீங்க, சொன்னீங்க” என்றான் அஜித்குமார். அவனுக்கு அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

“சொன்னா கேளும்மா...”

“மடியில கனம் இல்லன்னா வழியில இன்னாண்ணே பயம்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கொளஞ்சியப்பன் சர்க்கரை மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் வம்புக்கும் போகாத மனிதர். முகம் கறுத்துப்போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாளே அவர் வீட்டிலிருந்து சாமான் வெளியே வர ஆரம்பித்தது. கட்டில், பீரோ, நெல் மூட்டை எல்லாம் வாசலில். அதற்கு அடுத்த நாள் எலக்ட்ரீஷியன் ஒருத்தன் உள்ளே போனான்.

“பாத்தியா, இடிக்க வருவாங்கன்னு வூட்ட காலி பண்ணிக்கினு இருக்காரு” என்றாள் எதிர்வீட்டு கமலா. “ஒயரக்கூட வுட மாட்டாரு போல.”

“பண்ணட்டும்” என்றாள் சிவரஞ்சனி. மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடம் பார்த்தால் மரம் நிற்குமா?

சர்வேயர் வந்தார். மூன்று பக்கமும் சரியாக இருந்தது. மேற்கே டேப்பை இழுத்ததும் நகரே அவர் பின்னால் திரண்டது.

கொளஞ்சியப்பன் வீட்டுச் சுவர் எல்லையைத் தொடவே இல்லை. தன் இடத்திலேயே ஒரு முழம் விட்டுத்தான் கட்டியிருந்தார்.

டேப் நகர்ந்தது. சிவரஞ்சனி வீட்டுப் பின்பக்கம் வந்ததும் சர்வேயர் நின்றார். இன்னொரு தடவை அளந்தார்.

“இந்த ரூம் யாருதும்மா?”

“என்னுதுதான் சார். தையல் மிஷின் போட்டிருக்கேன்.”

“முழுசா பூங்கா இடத்துல இருக்குதே!”

அவள் டேப்பையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புருஷன் போன பிறகு, ‘நம்ம இடம்தான்’ என்று மேஸ்திரி சொன்னதை நம்பிக் கட்டிய அறை. அங்கே ஓடுகிற மூன்று மிஷினை வைத்துத்தான் அவளும் மகளும் சாப்பிடுகிறார்கள்.

கொளஞ்சியப்பனைத் தேடினாள். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார்.

“ஒங்களுக்கு முன்னமே தெரியுமாண்ணே?”

“ஒன் ரூமுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே சர்வே கல்லப் பாத்துட்டேன். நீ கைப்புள்ளைய ஓரமா படுக்கவெச்சிட்டு செங்கல் தூக்கிக்கினு இருந்தே. சொல்ல வாய் வரலம்மா.”

அஜித்குமார் முன்னால் வந்தான். குத்திக்காட்டத்தான் வருகிறான் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“போனாப் போவுதுக்கா. இந்த ரூமை மட்டும் வுட்டுட்டு வேலிய வளைச்சிப் போடச் சொல்லலாம். நாங்க யாரும் கேக்க மாட்டோம்.”

பலரும் தலையாட்டினார்கள். சர்வேயர்கூட வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

சிவரஞ்சனி நிமிர்ந்தாள்.

“உன் கொட்டாய்க்கு ஒரு நியாயம், என் ரூமுக்கு ஒரு நியாயமா தம்பி? எனக்கு வளைச்சா நாளைக்கு லாரிக்காரனுக்கும் வளைக்கணும். போய் கடப்பாரை எடுத்துக்கினு வா.”

விறுவிறுவென்று உள்ளே போனாள். முதல் மிஷினைத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துவந்த பிறகுதான், அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று யோசித்தாள். கண் நிறைந்துவிட்டது.

மிஷினின் மறுபக்கத்தை ஒரு கை பிடித்தது. கொளஞ்சியப்பன்.

“அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுண்ணே. வுடுங்க, இத எங்க தூக்கிக்கினு போறீங்க?”

“நீ அளக்காம வுட மாட்டேன்னு அன்னைக்கே தெரிஞ்சிப்போச்சு. புடி, என் வூட்டு முன்ரூமுக்குத்தான். மூணு மிஷினுக்கும் பிளக் போட்டு வெச்சிருக்கேன்.”