ஒன்பதாம் பந்து

கணவர் பில்லியர்ட்ஸ் மேசையில் போட்டி ஆடுவதை ரெஜினாவால் பார்க்க முடியாது. காலிறுதியிலிருந்தே முன்வரிசையில் கண்ணை இறுக மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள். பந்தைத் தட்டும் கோலின் நுனியில் அவர் சாக்குக்கட்டியைத் தேய்க்கும் சத்தம் கேட்டால் போதும். இரண்டு தேய்ப்பென்றால் தெம்பாக இருக்கிறார், ஐந்தாறு என்றால் உள்ளுக்குள் உதறுகிறது. பந்து குழியில் விழுந்ததா என்பதைப் பக்கத்து இருக்கை வசுமதி சொல்லிவிடுவாள். "விழுந்துருச்சும்மா, மூச்சு விடு" என்று அவள் சொல்லிச் சொல்லித்தான் அரையிறுதியும் தாண்டியது. இறுதியாட்டத்தில் எதிரே வந்து நின்றவர் வசுமதியின் கணவர். அப்போதும் அவள் இடம் மாறி உட்காரவில்லை. முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தாள். ஆளுக்குப் பத்து ஆட்டம் ஜெயித்துச் சமமாக நின்றார்கள். மேசையில் மிச்சம் ஒன்பதாம் பந்து மட்டும்தான், போடுகிறவருக்குக் கோப்பை. இரண்டு பேரும் மாறி மாறித் தவறவிட, யார் முறை என்பதே ரெஜினாவுக்குக் குழம்பிப்போயிற்று. கடைசியில் ஒரு பந்து மெல்ல உருண்டு, விளிம்பில் தயங்கி, குழிக்குள் விழுந்த சத்தம் கேட்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது. அறிவித்த பெயர் அந்த இரைச்சலில் அமுங்கிவிட்டது.

"யாரு போட்டதுக்கா?" என்றாள் ரெஜினா.

"எனக்கெப்படித் தெரியும்? எங்க வீட்டுக்காரர் ஆடுனா நானும் கண்ணை மூடிக்குவேன்."

ரெஜினாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வசுமதியின் கை தடவித் தேடி அவள் கையைப் பிடித்துக்கொண்டது, முறுக்குத் தூளோடு.

"தொறந்துராத. இன்னும் கொஞ்ச நேரம் ரெண்டு பேருமே ஜெயிச்சிருக்கட்டும்."