உறை காலியாகும் வரை

"ஒண்ணு இல்ல டஸ்டின், ரெண்டு! குழந்தைக்கு ரெண்டு சொத்தைப் பல்லு!"

"அது மிட்டாயாலதான்னு யாரு சொன்னா? உங்க வீட்டுப் பரம்பரையே அப்படித்தான், உங்க அம்மாவுக்குப் பாதி வாய் தங்கம்..."

"எங்க அம்மாவை இழுக்காதே. பல் டாக்டர்தான் சொன்னாரு. ஜனவரி பாதி ஓடிப்போச்சு, ஹாலோவீன் மிட்டாய் இன்னுமா வீட்டுல இருக்குன்னு கேட்டுச் சிரிக்கறாரு மனுஷன். எனக்கு மானமே போச்சு."

"அதுக்காக ஒரேயடியா..."

"ஒரேயடியாத்தான். இன்னிக்கோட சரி. எல்லாம் குப்பைக்கு."

கோரின் மிட்டாய் அடைத்த அந்தப் பூப்போட்ட தலையணை உறையைச் சமையலறை மேசைமேல் தொப்பென்று வைத்தாள். வாசல் மிதியடியில் நின்ற டஸ்டினுக்கு ஒரு காலில் பூட்ஸ், இன்னொரு காலில் ஈரக் காலுறை. மற்ற பூட்ஸையும் கழற்றுவதா, கழற்றினதைத் திரும்ப மாட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வெளியே டுலூத் நகரம் மூன்றாம் நாளாகப் பனிக்குள் கிடந்தது.

ஆகஸ்டில் கோரினைப் பிரிந்து அவன் தனி வீடு பார்த்துப் போய்விட்டான். சனி ஞாயிறு மட்டும் மகள் ஹேஸல் அவனோடு. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் அன்று எட்டு வயதுக்காரிக்கு அட்டைப்பெட்டியால் கலங்கரை விளக்க வேஷம் கட்டி, உச்சியில் டார்ச் வைத்து, கொட்டுகிற மழையில் மிட்டாய் கேட்டு அவளோடு வீடு வீடாக ஏறி இறங்கியவன் அவன்தான். வந்த மிட்டாய் எந்த வீட்டில் இருப்பது என்று அன்றைக்கும் ஒரு சண்டை. தீர்ப்புச் சொன்னவள் ஹேஸல்.

"இங்கேயே இருக்கட்டும். அப்பா தினமும் வேலை முடிஞ்சு வரட்டும். ஆளுக்கு ஒண்ணு. தீர்ற வரைக்கும்."

"தீர்ற வரைக்கும் மட்டும்தான்," என்று கோரின் விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள்.

ஒரு மிட்டாய் தின்ன எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் ஒழுகுகிற குழாய் ஒன்று வந்தது, ஹேஸலின் பின்னக் கணக்கு வந்தது, 'சூப் மிச்சம் இருக்கு, வீணாப் போகும்' வந்தது. துறைமுகப் பட்டறையில் நாள் முழுக்க இரும்போடு மல்லாடுகிறவனுக்கு அந்த ஒரு வேளைதான் வீடு.

நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய வாரம் ஒருநாள் உறைக்குள் கை விட்டவனுக்குத் திக்கென்றது. முந்தின நாள் வரை முக்கால் உறை இருந்தது. அன்றைக்கு அடியில் ஆறே ஆறு. கோரின்தான் ஆபீசில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாள், தன்னைக் கத்தரித்துவிடத்தான் இந்த வேலை என்று நினைத்தான். கேட்கவில்லை. கேட்டு, 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால்?

நேரே கடைக்குப் போனான். பெரிய பையாக இரண்டு வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் பதுக்கினான். அன்றிலிருந்து, அவள் அந்தப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து, தினமும் உறைக்குள் மூன்று. எல்லாம் வேர்க்கடலைச் சாக்லேட். கோரினுக்கு அதென்றால் உயிர். மூன்று எடுத்து மூன்று போட்டும் உறை என்னவோ பருத்துக்கொண்டே வந்தது. கணக்கில் தான் எப்போதுமே மோசம் என்று விட்டுவிட்டான்.

"குப்பைப் பை எடுத்துட்டு வரேன்," என்று கோரின் திரும்பினாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பழக்கதோஷம், அவன் கை கோட்டுப் பைக்குள் போனது. மூன்றும் உறைக்குள் விழுந்தன.

"அப்பா வந்தாச்சா?" பல் டாக்டர் போட்ட ஊசியில் மரத்துப்போன கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஹேஸல் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அம்மா கையில் குப்பைப் பையைப் பார்த்தாள். உறையைப் பார்த்தாள். "எல்லாத்தையுமா போடப் போறே?"

"ஆமாண்டா கண்ணு. டாக்டர் சொல்லிட்டாரே."

"அப்ப அப்பா நாளைக்கு?"

கோரின் குப்பைப் பையின் வாயைப் பிரிப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

ஹேஸல் நாற்காலிமேல் ஏறி உறையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மேசை நிறைந்தது. மூன்றை எடுத்து மறு கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "இந்த மூணு மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு. வண்டியில இருந்து வந்ததா?"

டஸ்டினுக்குக் காது சிவந்தது. ஆனால் அவன் கண் மேசையை விட்டு நகரவில்லை. அங்கே இரண்டே வகைதான் கிடந்தன. ஒன்று அவன் போட்ட வேர்க்கடலை. மற்றது நீலத்தாளில் தேங்காய்ச் சாக்லேட், கணக்கில்லாமல். அதை அவன் ஒரு நாளும் வாங்கியதில்லை. இந்த வீட்டில் அதைத் தின்கிறவனும் அவன் ஒருவன்தான்.

"கோரின், இது..."

கோரின் துடைத்து வைத்திருந்த அடுப்பை மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

"என் மிட்டாயை நான் தேங்க்ஸ்கிவிங்குக்கு முன்னாடியே கொடுத்துட்டேன்," என்றாள் ஹேஸல். "ராணுவத்துல இருக்கறவங்களுக்கு அனுப்ப ஸ்கூல்ல பெட்டி வெச்சாங்க. அவங்க எல்லாம் வீட்டை விட்டுத் தூரமா இருக்காங்கன்னு டீச்சர் சொன்னாங்க, அதான். ஆறு மட்டும் வெச்சுக்கிட்டேன். அது தீர்ந்தா அப்பா வரமாட்டாரேன்னு ராத்திரி எல்லாம் பயம். மறுநாள் பார்த்தா உறை நிறைய ஆரம்பிச்சிருக்கு!"

டஸ்டின் குனிந்து இன்னொரு பூட்ஸையும் கழற்றினான். அடுப்பைத் துடைத்த கை நின்றது.

ஹேஸல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறி முறைத்தாள்.

"அப்பாவுக்குப் பிடிச்சதை அம்மா போடறே, அம்மாவுக்குப் பிடிச்சதை அப்பா போடறே... எனக்குப் பிடிச்ச புளிப்பு மிட்டாயை மட்டும் ஏன் ரெண்டு பேருமே போடல?"