வலமிருந்து இடம்

அக்கா இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டா. செருப்பைக் கழட்டிட்டு, தோள்ல இருந்த பையைக்கூட இறக்காம, நாற்காலி நுனியில உக்காந்தா.

நான் போனைக் கவுத்து வெச்சேன்.

போன்ல எங்க குரூப் கொண்டாடிட்டு இருந்துச்சு. ஆள் மாட்டிக்கிச்சுன்னு.

நாங்க எல்லாரும் ஒரே மாங்கா படிக்கிறவங்க. ஜப்பான் படக்கதை, வலமிருந்து இடமாப் படிக்கணும். அதுல ஒத்தக்கண்ணன்னு ஒரு வாள்காரன், மருந்துக்காரின்னு ஒருத்தி. அவங்க ரெண்டு பேரும் சேரணும்னு தவம் கிடக்கிறவங்க குரூப். ஆரம்பிச்சது நான்தான். அங்க என் பேரு தலைவி. எனக்குப் பதினாறு வயசுன்னு ஒருத்தருக்கும் தெரியாது.

சேருவாங்கன்னு நாங்க நம்பினதுக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஆதாரம். படகுத்துறையில ரெண்டு பேரும் மூட்டையோட நிக்கிறாங்க. கை கோத்திருக்கு. யாரு யாரைப் பிடிச்சு நிறுத்துறாங்கன்னு படத்தைப் பாத்தா தெரியாது. மருந்துக்காரி பக்கத்து வசன பலூன்ல 'போகாத'. ஒத்தக்கண்ணன் பக்கத்து பலூன்ல 'கைய விடு, நேரமாச்சு'.

எட்டாவது படிக்கும்போது அந்தப் பக்கத்தைப் பாத்துதான் நான் அழுதேன். அம்மா எங்களை விட்டுட்டுப் போன வாரம் அது. அதுவரைக்கும் அழுகையும் வரல, சாப்பாடும் இறங்கல. ஊமைங்கிற பேர்ல யாரோ ஒருத்தர் இதைத் தமிழ்ல மொழிபெயர்த்து நெட்ல போட்டிருக்காங்க, படிச்சுப் பாருன்னு காட்டினதே அக்காதான்.

போன வாரம் வந்த அத்தியாயத்துல மருந்துக்காரி அவனுக்கு விஷம் வெச்சுட்டா. வெச்சுட்டு, அன்னிக்கே கைய விடுன்னு சொன்னேனேங்கிறா. இதையும் தமிழ்ல போட்டது ஊமைதான்.

குரூப் எழவு வீடு மாதிரி ஆயிடுச்சு. மருந்துக்காரி அதுல வர்ற சின்ன ராஜாவோட சேரணும்னு நினைக்கிற எதிர்க்கட்சிக்காரங்க உள்ள வந்து மலர்வளையப் படமா போட்டுட்டுப் போனாங்க.

அப்புறம் கொசு, எங்க குரூப்ல எதையும் நோண்டாம விடமாட்டான், ஜப்பான்ல வந்த அசல் பக்கத்தையே எடுத்துப் போட்டான். போன்ல மொழிபெயர்த்துப் பாத்தா, எங்க பக்கத்துல பலூன் ரெண்டும் இடம் மாறியிருந்துச்சு. போகாதன்னு கெஞ்சினது அவன். கைய விடுன்னது அவ. ஊமை புதுசுல இடப்பக்கத்துலருந்து படிச்சுட்டு மாத்திப் போட்டிருக்குன்னு எல்லாரும் முடிவு பண்ணோம்.

இடம் வலம் தெரியாத ஜென்மம் எங்களை மூணு வருஷமா முட்டாளாக்கிடுச்சுன்னு நான் எழுதினேன். நிறைய பேர் சிரிச்சாங்க. சிரிக்கச் சிரிக்க இன்னும் கேவலமா எழுதினேன். அதெல்லாம் வாயால சொல்ல முடியாது.

பழைய ஃபைலை நோண்டி, ஊமை ஏதோ ஆபீஸ் கம்ப்யூட்டர்ல உக்காந்துதான் இந்த வேலை பாத்திருக்குன்னு கொசு கண்டுபிடிச்சான். அந்த ஆபீஸ் நம்பரை மட்டும் போட்டான். ஆளுக்கொரு கால் போடுங்கன்னான்.

விடாதீங்கன்னு நான் எழுதினேன். நான் மட்டும் கால் பண்ணல. பேசினா சின்னப் பொண்ணுன்னு தெரிஞ்சிடும்.

அக்கா ஒரு ஸ்கேன் சென்டர் வரவேற்புல வேலை பாக்குறா.

காலையிலருந்து போன் ஓயவே இல்லையாம். எடுத்தா வெறும் திட்டாம். ரிப்போர்ட் கேட்டவங்க லைன் கிடைக்காம நேர்ல வந்து கத்தினாங்களாம். மேனேஜர் கூப்பிட்டு, மாங்காவாம் தேங்காவாம், என் கம்ப்யூட்டர்ல என்ன கூத்து நடக்குதுன்னு கேட்டு, நாளையிலருந்து வர வேணாம்னுட்டாராம். யாருக்கோ நடந்த மாதிரி சொன்னா. நடுவுல ஒரு தடவை சிரிச்சாகூட.



"பலூனைத் தெரியாம மாத்திட்டியாக்கா?"

"தெரிஞ்சேதாண்டி மாத்தினேன்."

ஏன்னு அவ சொல்லல.  எழுந்து முகம் கழுவப் போனா. 

நான் போனைத் திருப்பி, போதும், விட்டுடுங்கன்னு எழுதினேன்.

என்ன தலைவி, அவ உனக்குச் சொந்தக்காரியான்னு ஒருத்தன் கேட்டான். விடாதீங்கன்னு நான் எழுதினதையே எடுத்து எனக்குத் திருப்பிப் போட்டாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர், அதையே.

கூரியர்காரன் மாதிரி பேசி ஸ்கேன் சென்டர்ல அவ வீட்டு அட்ரஸ் வாங்கிட்டேன்னான் கொசு. மேப்புல தேடி ஒரு போட்டோவும் போட்டான்.

எங்க வாசக்கதவு. பக்கத்துல என் சைக்கிள்.

நாளைக்கு நேர்லயே போய்க் கேப்போம், யார் யார் வர்றீங்கன்னு கேட்டிருந்தான். கை தூக்கின படமா வந்து விழுந்துட்டே இருக்கு. இப்பவும் விழுது. அக்கா தூங்கிட்டா. எழுப்பிச் சொல்லணும். சொன்னா தலைவி யாருன்னும் சொல்லணும்.

பழைய அத்தியாயம் எல்லாத்தையும் அசலோட வெச்சு வெச்சுப் பாத்தேன். வேற எங்கயும் ஒரு பலூன்கூட மாறல. அந்த ஒரு பக்கம்தான்.

கொசு போட்டிருக்கானே, அந்தக் கதவுலதான் அம்மா பையோட நின்னா. நான் கையைப் பிடிச்சுட்டு போகாதன்னேன். கைய விடு, நேரமாச்சுன்னா.

அன்னிக்கு அக்கா என் பின்னாடியே நின்னு கேட்டுட்டு இருந்தா.